வாசற்படி, மூன்று அங்குலம்

முத்தையன்கட்டு இடதுகரையில் நாற்பத்திரண்டு வீடு.
கையளிக்கப் பதினொரு நாள் கிடக்கிறது.
மழைக்கு எத்தனை நாள் என்று
ஒருவரும் எழுதித் தரவில்லை.

ஹெல்மெட்டைக் கழற்றி
அதற்குள் ரேப்பும் சிவப்புச் சோக்கும் போட்டுக்கொண்டு
வீடு வீடாக நடக்கிறேன்.
பிழை கண்ட இடத்தில் ஒரு வட்டம்,
பிறகு கொப்பியில் ஒரு வரி.

ஏழு: குசினி யன்னல் கொண்டி பூட்டாது.
எட்டு: லிண்டல் மூலையிலிருந்து மயிர்வெடிப்பு,
சாய்ந்து ஓடி, பாதியில் மனம் மாறியிருக்கிறது.
பதின்மூன்று: மலசலகூடத்தில் கோழி அடைகிடக்கிறது.
பரிசோதிக்க முடியவில்லை.
பத்தொன்பது: கதவு தானாகத் திறக்கிறது.
இருபது: கதவு திறக்கவே இல்லை.

முடிந்தது, முடியாதது, திரும்பப் பார்க்க
என்று மூன்று நிரல்.
மூன்றாவதுதான் நிரம்பி
அடுத்த பக்கத்துக்குப் போகிறது.

பின்னால் சாந்தகப்பையும் வாளியுமாய்ப் புண்ணியமூர்த்தி.
பட்டியல் மூடும்வரை
அவருடைய ஐந்து வீதம் கொன்ராக்டரின் கையில்.
மோட்டார் சைக்கிள் லீசிங் இரண்டு மாதம் நிற்கிறது.
"சோக்கைக் கொஞ்சம் மெல்லமாப் பிடியுங்கோ மிஸ்" என்றார்.
பகிடிக்குத்தானா, தெரியவில்லை.

இருபத்தாறு.
சுகந்தமலரின் சக்கர நாற்காலி
அவளே போட்டுக்கொண்ட பாலைப் பலகையில் ஏறி
விறாந்தைக்கு வந்தது.
வாசற்படியில் முன்சில்லு முட்டியது.
பின்னுக்கு எடுத்தாள். வந்தாள். முட்டியது.
மூன்றாந்தரம் தோளால் எத்தி
முழு நாற்காலியையும் உள்ளே விழுத்தினாள்.
விழுந்த இடத்திலிருந்தே திரும்பி
"தேத்தண்ணி குடிப்பியளோ?" என்று கேட்டாள்.
முறைப்பாடு ஒன்றும் சொல்லவில்லை.

அளந்தேன். மூன்று அங்குலம்.
வரைபடத்திலும் மூன்று அங்குலம்.
அப்படியென்றால் பிழை இல்லை.

பயனாளி விபரப் படிவத்தில்
ஏழாவது கேள்வி: விசேட தேவை உண்டா?
'இல்லை' என்று யாரோ எழுதியிருந்தார்கள்.
என் கையெழுத்து இல்லை.
அடியில் இருக்கும் சுருக்கொப்பம் என்னுடையது.
அன்றைக்கு முப்பத்தெட்டுப் படிவம்;
நான் வாகனத்திலிருந்து இறங்கவில்லை.

மாற்றம் கேட்டால் கிளிநொச்சிக்குக் கடிதம்,
அங்கிருந்து கொழும்புக்கு,
'மேலதிக வேலைக்கு நிதி இல்லை' என்று
தை மாதம் பதில் வரும்.

குனிந்து படியில் வட்டம் போட்டேன்.
எழுதினேன்:
'26. வாசற்படி உயரம் கூட. கொத்தி மட்டப்படுத்தவும்.'
எட்டு வருடத்தில் நான் எழுதிய முதல் பொய்ப் பிழை.

புண்ணியமூர்த்தி தன் ரேப்பை எடுத்தார்.
அளந்தார். நாடா சரக்கென்று உள்ளே ஓடியது.
என்னைப் பார்த்தார்.
பலகையைப் பார்த்தார்.
படி விளிம்பில் றப்பர் தேய்ந்து தேய்ந்து
கறுத்திருந்ததை விரலால் தடவினார்.
"கூடத்தான் கிடக்கு" என்றார்.

அரை நாள் கொத்தினார்.
அந்த அரை நாளுக்குச் சம்பளம் யார் கொடுத்தது?
கொப்பியில் அதற்கு நிரல் இல்லை.

மூன்றாம் நாள் இரவு மழை.
விடிய ஓடிப்போனேன்.
படி என்று ஒன்று எதற்கு வைப்பது என்பது
எனக்குத் தெரியாததா?
முன்னறை முழுக்கத் தண்ணீர்.
சுகந்தமலர் மடியில் தும்புத்தடியை வைத்து
நாற்காலியை உருட்டி உருட்டி வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள்.
என் முகம் எப்படி இருந்ததோ,
"தண்ணிய நான் தள்ளுவன் பிள்ளை.
படியைத்தான் தள்ள ஏலாமல் கிடந்தது" என்றாள்.

புண்ணியமூர்த்தி ஏற்கெனவே வந்து
விறாந்தையை வெளிப்பக்கம் சாய்க்கச்
சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தார்.
"இதையும் எழுதுங்கோ" என்றார்,
நிமிராமல்.

எழுதினேன். '26: மழைத்தண்ணீர் உட்புகுகிறது.'
இந்த முறை உண்மையான பிழை.
பொறுப்பு என்ற இடத்தில் பேனை நின்றது.

எட்டு நாள் இருக்கிறது.
ஏழில் கொண்டி மாற்றியாயிற்று.
இருபதில் கதவு திறக்கிறது, இப்போது பூட்டாது.
பதின்மூன்றுக்குப் போனேன்.
கோழி எழும்பவில்லை.
கழுத்தைச் சிலிர்த்து என்னைப் பார்த்தது.
'திரும்பப் பார்க்க' என்று
இரண்டாந்தரமும் எழுதினேன்.